சுலினாவிலிருந்து எண்ணினால்

கலாஃபாத்
4 அக்டோபர் 1936

அஸ்பாஸியா அவர்களுக்கு,

நான் கவ்ரிலா. இழுவைக் கப்பல் கவ்ரிலா. நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று, ஆகவே நான் நன்றாக இருப்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

இது என் கை எழுதியது. போன ஜூலையில் உங்கள் காபிக்கடையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. என் பழைய கடிதம் ஒன்றை எடுத்து வந்து, "நிலா தண்ணிமேல மீன் செதில் மாதிரி கெடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்த ராத்திரி?" என்று கேட்டீர்கள். எனக்கு எந்த நிலாவும் ஞாபகமில்லை. "மித்ரோஃபானத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன். மித்ரோஃபான் எங்கள் கப்பல் சமையல்காரன். ஆறு வருடமாக உங்களுக்கு வந்த என் கடிதங்களை எழுதியதும், உங்கள் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டியதும் அவன்தான். நீங்கள் எழுந்து, "அப்ப நான் கட்டிக்க வேண்டியது உங்களயா, சமையல்காரனயா?" என்று கேட்டு, காபிக் குவளையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். நான் பாதிதான் குடித்திருந்தேன்.

இப்போது எனக்கு அறுபத்தாறு வயது. கப்பலிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இங்கே பெரியவர்களுக்கு மாலைப் பள்ளி நடக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறேன். அரிச்சுவடிகளைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு புவியியல் புத்தகம். அதிலும் முன்பாதி கிழிந்துபோய், எந்த நாட்டில் எந்த ஆறு நீளமானது என்ற பகுதி மட்டும் இருக்கிறது. எண்கள் எனக்கு முன்பே தெரியும். எழுத்துகளை அந்த ஆறுகளிலிருந்துதான் பொறுக்கி எடுத்தேன். "போ" என்பது முதலில் படித்த சொல். இத்தாலியின் நீளமான ஆறு. எங்கள் மொழியில் இரண்டே எழுத்து, அறுநூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். டென்மார்க்கில் குடெனோ. நூற்றைம்பது சொச்சம்தான், பாவம். அரேபியாவில் ஆறே இல்லை. அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன முறை மித்ரோஃபான் மூலம் கேட்டதை இப்போது நானே கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்வீர்களா?

கவ்ரிலா


சுலினா
17 அக்டோபர் 1936

கவ்ரிலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நான்கு நாள் மேசைமேல் கிடந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இது உங்கள் கைதான் என்று நான் எப்படி நம்புவது? மித்ரோஃபான் இடது கையால் எழுதினாலும் இப்படித்தான் கோணலாக இருக்கும். பெண் கேட்கிற கடிதத்தில் யாராவது டென்மார்க்கைப் பற்றி எழுதுவார்களா? வேண்டுமென்றே அப்பாவித்தனமாக எழுதியது மாதிரி இருக்கிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒருவரை இரண்டு தடவை ஏமாற்றுவது அநியாயம் என்பதை அவனிடம் சொல்லுங்கள்.

என் கணவர் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். அவர் பேசியதும் அவரே, செய்ததும் அவரே, திட்டியதும் அவரே. ஒரே ஆளாக இருந்தார். எனக்கு அப்படித்தான் பழக்கம். ஒரு வீட்டுக்குள் ஒன்றரை ஆளை வைத்துச் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று ஹங்கேரிக்கார மாலுமி ஒருவன் காபி குடிக்க வந்தான். "டான்யூப் டான்யூப்னு பெருசா பேசறீங்க. எங்க நாட்டுக்குள்ள அதவிட டிஸாதான் அதிக தூரம் ஓடுது" என்றான். கடையில் இருந்தவர்கள் அவனை அடிக்கப் போய்விட்டார்கள். உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது? பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

அஸ்பாஸியா


கலாஃபாத்
5 நவம்பர் 1936

அஸ்பாஸியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். அதில் திட்டு இருந்தது. நானே படித்த முதல் திட்டு என்பதால் மூன்று தடவை படித்தேன்.

ஹங்கேரி விஷயத்தை வகுப்பில் கேட்டேன். ருக்சாந்திரா டீச்சருக்கும் தெரியவில்லை. அவர் மலைப்பக்கத்து ஆட்டிடையர் குடும்பத்துப் பெண். வேலைக்கு வந்த பிறகுதான் டான்யூபையே பார்த்தாராம். ஆனால் ருக்சாந்திரா டீச்சரிடம் வரைபடம் இருந்தது. டீச்சர் தன் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்தார். ஆற்றின் வளைவுகள்மேல் நூலை வைத்து நான் பிடித்துக்கொண்டேன், டீச்சர் ஊசி குத்தினார். பக்கத்தில் உட்காரும் ஃப்ளோரியா மாவு மில்காரன். அவன், "என்ன மாமா, பொண்ணு கேக்கற லெட்டர்ல ஹங்கேரி எதுக்கு? கண்ணு, மூக்குன்னு எதயாவது எழுதுங்க" என்றான். "அவங்க கேட்டது ஹங்கேரியத்தான்டா" என்றேன். ருக்சாந்திரா டீச்சர் சிரித்ததில் நூல் நழுவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து அளந்தோம்.

மாலுமி சொன்னது சரி. ஹங்கேரிக்குள் டிஸாதான் நீளம், இரண்டு விரற்கடை அதிகம். எனக்கு முதலில் கோபம் வந்தது. டான்யூப் எத்தனை நாடுகளின் வழியாக வருகிறது, ஒரு நாட்டில் தோற்றால் என்ன என்று ருக்சாந்திரா டீச்சர் சொன்ன பிறகு சமாதானம் ஆனது. கடையில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஆளை அடித்திருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒன்றரை ஆள் இல்லை. ஒரு ஆள்தான் எழுதுகிறேன்.

கவ்ரிலா


சுலினா
16 நவம்பர் 1936

கவ்ரிலா அவர்களுக்கு,

எண்ணிப் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் டீச்சர் என்ற சொல் ஆறு தடவை வருகிறது. என் பெயர் ஒரு தடவை, அதுவும் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதற்காக.

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. மித்ரோஃபான் போய் ருக்சாந்திரா வந்திருக்கிறார். அவர் சொல்கிறார், நீங்கள் பார்த்து எழுதுகிறீர்கள், அல்லது அதுகூட இல்லை. நூல் பிடிக்க, ஊசி குத்த, சிரிக்க எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும்போது என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? அந்த டீச்சரையே கட்டிக்கொள்ளுங்கள்.

ஹங்கேரிக்காரனை யாரும் அடிக்கவில்லை. நான் நடுவில் நின்றுகொண்டேன்.

அஸ்பாஸியா


கலாஃபாத்
1 டிசம்பர் 1936

3

அஸ்பாஸியா அவர்களுக்கு, உங்கள் கடிதம் வந்தது. டீச்சரைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். பேனாவை அடுப்புக்கடியில் வீசினேன். டீச்சருக்கு இருபத்துமூன்று வயது. அவருக்கு மலையில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான். இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதி என்ன பயன்? இனிமேல் எழுத மாட்டேன். சுலினாவுக்கும் வர மாட்டேன். ஆறு தன் பாட்டுக்குப் போகட்டும், நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

கவ்ரிலா

2

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்ன மாமா, போலந்துல போய் நின்னுட்டீங்க? பாதி ஆத்துல யாராவது எறங்குவாங்களா?" என்றார். போனேன். போலந்தின் நீளமான ஆறு விஸ்துலா, ஆயிரத்து நாற்பத்தேழு கிலோமீட்டர். அந்த நாட்டின் மலையில் பிறந்து, அந்த நாட்டுக்குள்ளேயே நடந்து கடலுக்குப் போகிறது. வீட்டோடு இருக்கும் ஆறு. எனக்கு அதைப் பிடித்திருக்கிறது.

கவ்ரிலா

1

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலுறை இரண்டும் கிழிந்துவிட்டன. தம்பி வீட்டில் இருக்கிறேன், ஒருவரும் குறை வைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் இன்று இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. உங்கள் கடையில் மூலை மேசையில் உட்கார்ந்து சொல்வேன். நீங்கள் கேட்காத மாதிரி குவளை கழுவிக்கொண்டே கேட்பீர்கள்.

கவ்ரிலா

0

டிசம்பர் இருபது, இக்னாத் திருநாளன்று வரும் கப்பலில் நான் சுலினாவுக்கு வருகிறேன். ஒரு காகிதமும் பேனாவும் மட்டும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னால் எழுதிக் காட்டுகிறேன். துறையில் நில்லுங்கள். என் பெயரை எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் எல்லாத் தாளிலும் எழுதியிருக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

கவ்ரிலா


சுலினா
21 டிசம்பர் 1936

அஸ்பாஸியா அவர்களுக்கு,

நேற்று வந்து இறங்கினேன். நீங்கள் இல்லை. கடை பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு மீனவர் அர்த்தியோம்தான் சொன்னார். "அம்மா துல்சியாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களே, பெருசு. இக்னாத்துக்குப் பன்னி வெட்டறாங்கல்ல, தொத்திறைச்சி போட. நீங்க வரமாட்டீங்கன்னு எழுதிட்டதா சொல்லி, ரெண்டு நாளா யாரோடயும் பேசல. காபில உப்பப் போட்டாங்க."

வரமாட்டேன் என்று நான் எழுதவில்லையே. வருகிறேன் என்றுதான் எழுதினேன். இந்தக் கப்பல் திரும்பும்போது ஏறி துல்சியாவுக்கு வரலாம் என்று பார்த்தேன். "மேலேயிருந்து பனிக்கட்டி எறங்குதுய்யா, இனி வசந்தம் வந்தாத்தான்" என்று கேப்டன் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார். நான் உங்கள் ஊரில் மாட்டிக்கொண்டேன். நீங்கள் துல்சியாவில் மாட்டிக்கொண்டீர்கள்.

அர்த்தியோம் வீட்டில் தங்கியிருக்கிறேன். தபால் பனிச்சறுக்கு வண்டியில் போகிறதாம், ஆளை ஏற்ற மாட்டார்களாம். உங்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படித்துவிடுவேன்.

கவ்ரிலா


துல்சியா
3 ஜனவரி 1937

கவ்ரிலா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அந்த நான்கு தாள்களையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். கையோடுதான் கொண்டுவந்திருந்தேன். வரமாட்டேன் என்று கடைசியில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, இந்த மனிதர் எப்படி மறுக்கலாம் என்று என் தங்கை கணவர் யானியிடம் காட்டுவதற்காக மேசைமேல் வரிசையாக வைத்தேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.

யானி முப்பது வருடம் இழுவைக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். தொத்திறைச்சியை மென்றுகொண்டே பார்த்தார். "அண்ணி, எங்கேர்ந்து படிக்கிறீங்க?" என்றார். "ஒண்ணாம் பக்கத்துலேர்ந்துதான். முன்னாடி ஒரு முட்டை வேற போட்டிருக்காரு" என்றேன். "மூணுலேர்ந்து படிங்க. கரையில மைல் பலகை எப்படி நட்டிருக்கான்? சுலினாவுலதான பூஜ்யம்? மேல போகப் போகத்தான எண்ணிக்கை ஏறும்? இந்த ஆளு ஆத்தோட வந்திருக்காரு. கடலுக்கு வந்து சேர்ற எடத்துல பூஜ்யம் போட்டிருக்காரு."

மாற்றி வைத்துப் படித்தேன். கோபம் முதலில் வந்தது. டீச்சர் வந்து இழுத்துப் போனார். குளிர் வந்தது. நீங்கள் வந்தீர்கள். நான்தான் உங்களைப் பின்னோக்கி ஓட விட்டு, வருகிறேன் என்ற மனிதரை வரமாட்டேன் என்று சொல்ல வைத்திருக்கிறேன். என் கடிதம் கிடைக்கும் முன் மூன்று தாள் எழுதினீர்கள், கிடைத்த பிறகு நான்காவதை எழுதிக் கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் உங்கள் கையெழுத்து வேறு இருந்தது.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை விக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். மலையில் பிறந்த ஒரு டீச்சர் தாளுக்கு இப்படி எண் போட மாட்டார். மித்ரோஃபான் எழுதிய பழைய கடிதங்களில் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும், அடுப்படியிலிருந்து அவன் எந்தப் பலகையைப் பார்த்தான்? உலகத்தில் உள்ள எல்லா ஆறுகளையும் படித்துவிட்டு, கடிதத்துக்குக்கூட டான்யூப் பலகை நடுகிற மனிதர் ஒருவர்தான். இது உங்கள் கை. நம்புகிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள். மித்ரோஃபானின் கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அந்த நிலாவுக்காகவே ஒரு வருடம் காத்திருந்தேன். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் "ஏதாவது எழுது" என்று விட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் அதையும் எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் என் பதில்.

கடைச் சாவி அர்த்தியோமிடம் இருக்கிறது. அடுப்பு மூட்டாவிட்டால் ஜாடிகள் வெடித்துவிடும். நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்.

அஸ்பாஸியா


சுலினா
16 ஜனவரி 1937

அஸ்பாஸியா அவர்களுக்கு,

அடுப்பு எரிகிறது. ஜாடிகள் பத்திரம். அர்த்தியோமும் துறைமுகக் காவல்காரரும் காபி கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன். "இதக் குடிச்சா கப்பல் அடியில பூசற தார் மாதிரி இருக்கு" என்றார்கள். மறுநாளும் வந்தார்கள். வேறு கடை இல்லை.

தாளுக்கு வேறு எப்படி எண் போடுவார்கள்? அர்த்தியோமைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பூஜ்யத்தில் முடிந்தால்தானே வந்து சேர்ந்தோம் என்று தெரியும்?

நீங்கள் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்தேன். மித்ரோஃபானிடம் சொல்லும்போது அவன் வெங்காயம் நறுக்குவான். நான் பக்கத்தில் நிற்பேன். நிலாக் கடிதத்துக்கு நான் சொன்னது இதுதான்: "இன்னிக்குக் காத்து இல்ல. போன தடவ அவங்க கடைப் புகைக்குழாய் ஆடிக்கிட்டிருந்துச்சு. காத்து வந்தா விழுந்துடும். அடுத்த தடவ நாலு நீள ஆணி கொண்டுவரேன்னு எழுது." அவன், "இதெல்லாம் ஒரு லெட்டராண்ணே, பொம்பளைங்க சிரிப்பாங்க" என்றான். பிறகு படித்துக் காட்டினான். நன்றாக இருந்தது. ஆணி எங்கே என்று கேட்டேன். "ஆணியெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாதே, நம்பிவிட்டேன்.

மற்றக் கடிதங்களுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பேன். உங்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய், பூனை குட்டி போட்டதா, இவ்வளவுதான். நிலா என்னுடையது இல்லை. அது வேண்டுமென்றால் மித்ரோஃபான் கான்ஸ்டான்ட்ஸாவில் இருக்கிறான், அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

கவ்ரிலா


துல்சியா
9 பிப்ரவரி 1937

கவ்ரிலா,

அந்தக் கடிதத்துக்கு அடுத்த மாதம் நீ என் கடைக்கு வந்தபோது கையில் நான்கு ஆணி இருந்தது. காபிகூடக் குடிக்காமல் நாற்காலிமேல் ஏறிக் குழாயை ஆணி அடித்து நிறுத்தினாய். இறங்கும்போது தலையெல்லாம் கரி. நான் நிலாவைப் பற்றி ஏதாவது பேசுவாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். நீ கரியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். இவ்வளவு அழகாக எழுதுகிறவர் நேரில் ஏன் வாயே திறப்பதில்லை என்று அன்று வருத்தப்பட்டேன்.

நிலா எனக்கு எழுத்தில் வந்தது. ஆணி கையில் வந்தது. ஆறு வருடமாகச் சேதி சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, நான்தான் தபாலில் தேடிக்கொண்டிருந்தேன். மித்ரோஃபானை அவன் வெங்காயத்தோடு விட்டுவிடு. நான் உன்னைத்தான் கட்டிக்கொள்கிறேன்.

யானி பாதிரியாரிடம் பேசிவிட்டார். நோன்பு முடிந்து ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சுலினாவில். காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். மூன்றாவது ஜோடி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பனி உருகும்வரை நாம் இப்படி இரண்டு ஊரில் இருக்கிறோம் என்பதற்காக, துல்சியாவுக்கும் சுலினாவுக்கும் நடுவில் இருப்பதுதான் உலகத்திலேயே நீளமான ஆறு என்று எழுதிவிடாதே. மித்ரோஃபான் எழுதியிருப்பான். நீ எழுதினால் கல்யாணம் கிடையாது.

என் காபிக்கடைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்காதே. தூளைக் கொதிக்க விடக் கூடாது, பொங்கி வரும்போதே இறக்க வேண்டும்.

அஸ்பாஸியா


சுலினா
2 மார்ச் 1937

அஸ்பாஸியா,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். அதற்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடந்தேன். அர்த்தியோம் பின்னாலேயே வந்து, "என்ன பெருசு, கெட்ட சேதியா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே" என்றார். "கட்டிக்கிறாங்களாம்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிப் பனியில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

துல்சியாவுக்கும் இங்கேயும் முப்பத்தெட்டரை மைல்தான். பலகையில் போட்டிருக்கிறது, அளந்துதான் நட்டிருக்கிறார்கள். அதைவிட நீளமான ஆறுகள் அல்பேனியாவில்கூட உண்டு. ஆனால் அவற்றில் எதிலும் நீ வரப்போவதில்லை.

பொங்கி வரும்போதே இறக்கிப் பார்த்தேன். துறைமுகக் காவல்காரர் இரண்டாவது குவளை கேட்டார்.

பனிக்கட்டி முந்தாநாள் காலை உடைந்தது. பெரிய சத்தம். முதல் கப்பல் வியாழக்கிழமை மேலேயிருந்து துல்சியா வழியாக வருகிறது என்று துறைமுகத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். "யாராச்சும் படிங்கய்யா" என்று ஒருவர் கேட்டார். நான் படித்தேன், சத்தமாக, மெதுவாக. கப்பலின் பெயர், நாள், நேரம் எல்லாம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இந்தக் கடிதம் போகும் வண்டிதான் கடைசிப் பனிச்சறுக்கு வண்டியாம், உன் கைக்குப் புதனன்று கிடைக்கும். பதில் எழுத வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறிவிடு. நான் துறையில் முன்னால் நிற்பேன். கப்பலிலிருந்து கயிறு வீசும்போது அங்கிருக்கும் பையன்கள் யாரையும் தொட விட மாட்டேன். நானே பிடித்துக் கட்டுகிறேன். அந்த முடிச்சு எனக்கு எழுத்தைவிட நன்றாக வரும்.

கவ்ரிலா